மருத்துவர் லி ஷிச்சென்

சீன நாட்டில், இன்றைய ஹூபே மாநிலத்தில், மருத்துவக் குடும்பத்தில் 1518-ஆம் ஆண்டு பிறந்தவர் லி ஷிச்சென். அரசுப் பணிக்குரிய தேர்வில் மும்முறை தோல்வியுற்ற அவர், மனந்தளராது தந்தையாரிடமே மருத்துவம் பயின்றார். பண்டை மருந்து நூல்களில் ஒரு மூலிகை மற்றொன்றாகப் பிறழ எழுதப்பட்டிருத்தலைக் கண்டார். அப்பிழை நோயாளியின் உயிரையே போக்கிவிடும் அன்றோ! ஆதலின் ஏட்டறிவோடு அமையாது, உழவர், மீனவர், வேடர், விறகு வெட்டுவோர் ஆகியோரிடம் கேட்டறிந்தார். மலைகளில் அலைந்து மூலிகைகளை நேரிற்கண்டு ஆராய்ந்தார். 1552 முதல் 1578 வரை உழைத்து, மும்முறை திருத்தி, 1,892 மருந்துப் பொருள்களை விளக்கும் ‘பென்சாவ் காங்மு’ என்னும் பெருநூலை இயற்றி முடித்தார். 1593-இல் அவர் மறைந்தார். நூலோ 1596-இல்தான் அச்சேறியது. தேர்வில் தோற்றவர், தமக்குப்பின் வந்த மருத்துவர் தலைமுறைகளுக்கு ஆசானாக விளங்கினார்.