குழலுக்கு இசை யாத்த லூயிஸ் பாரெங்க்

முத்துசாமி தீட்சிதர் 1835-இல் நம் எட்டையபுரத்தில் கண்மூடியபோது, பாரிஸ் நகரில் 31 வயதுப் பெண்மணி ஒருவர் பியானோவுக்கும் பெரும் வாத்தியக் குழுவுக்கும் இசை யாத்துக்கொண்டிருந்தார். அவரே லூயிஸ் பாரெங்க். 1804 மே 31-இல் சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியின் இசையாக்க வகுப்பில் அந்நாளில் பெண்களுக்கு இடமில்லை. ஆதலால் அங்கு ஆசிரியராயிருந்த அந்தோன் ரைக்காவிடம் தனியே பயின்றார்.

1821-இல் அவர் மணந்த அரிஸ்டீட் பாரெங்க் புல்லாங்குழல் கலைஞர். பின்னர் இசைநூல் பதிப்பாளரானார். மனைவியின் படைப்புகளை அச்சேற்றிய கணவர் எந்நாட்டிலும் அரியவரே.

1842-இல் அதே கல்லூரி அவரைப் பியானோப் பேராசிரியராக்கியது. ஆனால் ஆண் பேராசிரியரினும் குறைந்த ஊதியமே தந்தது. எட்டாண்டுகள் பொறுத்தார். ஒன்பது கருவிகளுக்கென அவர் யாத்த இசை 1850-இல் அரங்கேறிற்று. புல்லாங்குழல் உள்ளிட்ட ஐந்து காற்றுக்கருவிகளும் நான்கு நரம்புக்கருவிகளும் சேர்ந்த படைப்பு அது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற யோஆகிம் அதில் வயலின் வாசித்தார். அவ்வெற்றியைக் கையிலேந்திச் சம ஊதியம் கேட்டார், பெற்றார். கேட்டுப் பெறவேண்டியிருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

1850-களின் பிற்பகுதியில் புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றுக்குமாக அவர் யாத்த 45ஆம் படைப்பே குழலுக்கு அவர் தந்த தலைசிறந்த கொடை. அதில் குழல் அணிகலனாக ஒட்டப்படவில்லை; மற்ற இரண்டோடும் சரிநிகராய் உரையாடுகிறது. காற்றுக்கு இடம்விட்டு எழுதும் அந்த நுட்பம், குழலிசைஞரோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்தவருக்குக் கைவந்ததில் வியப்பில்லை.

அவருடைய பெரிய படைப்புகளுள் அது ஏறத்தாழ இறுதியானது. பியானோவில் தேர்ந்த ஒரே மகள் விக்டோரின் 1859-இல் மறைந்தார். தாயின் எழுதுகோல் ஏறக்குறைய ஓய்ந்தது. எனினும் அவர் ஓய்ந்திலர். பழைய விசைக்கருவி இசையை எல்லாம் தேடித் தொகுக்கும் பெரும்பணியைக் கணவரோடு 1861-இல் தொடங்கினார். 1865-இல் கணவர் மறைந்தபின் தனியே முடித்தார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டையபுரத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை அச்சிட்ட கதையை அறிந்தோர்க்கு அவ்வுழைப்பின் எடை விளங்கும்.

1875 செப்டம்பர் 15-இல் லூயிஸ் மறைந்தார். முன்னோர் இசையைத் தொகுதி தொகுதியாய் அச்சேற்றிய அவருடைய மூன்று சிம்பொனிகளுள் ஒன்றும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அவற்றின் செம்பதிப்பு வரத் தொடங்கிற்று.