சகோதரி சுப்பலட்சுமி: கல்விக்கு வாசல் திறந்தவர்

ஆழ்வார்பேட்டையில் கூடும் நம் வட்டத்தார் பலரும் கல்லூரிக் கல்வியை இயல்பாய்க் கிடைத்த ஒன்றாகவே கருதுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் இதே மயிலைப் பகுதியில், தலை மழிக்கப்பட்டு வீட்டின் பின்கட்டில் முடங்கிய சிறுமியருக்கு அது எட்டாக் கனி. அக்கனியைக் கைக்கெட்டச் செய்தவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

1886ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்த அம்மையாருக்குப் பதினோரு வயதில் மணம் நடந்தது. சில நாட்களிலேயே கணவர் மறைந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் அமர்த்தவில்லை, படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரி ஆனார்.

தாம் பெற்ற பேற்றைத் தம்மோடு நிறுத்திக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. 1912இல் எழும்பூரில், நான்கு இளம் விதவைச் சிறுமியருடன் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். தாமும் விதவையான சித்தி துணை நின்றார். கல்வித்துறை ஆய்வாளராயிருந்த ஐரிஷ் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்ச் அரசின் உதவித்தொகைக்கு வழிசெய்தார். விதவையர் எதிரே வருவதே அபசகுனம் எனக் கருதிய தெருவில், இப்பெண்கள் நாள்தோறும் பள்ளிக்கு நடந்தனர்.

பின்னர் இல்லம் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுசுக்கு மாறியது. 1914இல் தோன்றிய இராணி மேரி கல்லூரி அருகிலேயே இருந்தது. பணம் மட்டும் போதாது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். தயங்கிய பெற்றோரிடம் பேசினார், பாடம் சொல்லிக் கொடுத்தார், பிணியில் தாயானார். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவரானார். பதினெட்டு வயதைக் கடந்தவர்க்கு அரசு இல்லத்தில் இடமில்லாமற் போகவே, 1927இல் சாரதா வித்யாலயம் பிறந்தது.

குறை சொல்வோரும் உண்டு. தொடக்கத்தில் அந்த இல்லம் பிராமண விதவையருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆசாரங்களும் அங்கே வழுவாமல் காக்கப்பட்டன. இது மறுக்கவொண்ணா உண்மை. ஆயினும், ஆசாரத்தை உடைத்திருந்தால் எந்தத் தந்தையும் மகளை அனுப்பியிருக்கமாட்டார் என்பதும் உண்மையே. கதவை இடிக்காமல், தாழ்ப்பாளை மெல்ல நீக்கினார் அவர். கடற்கரை மீனவக் குப்பத்துச் சிறார்க்கும் பள்ளி அமைத்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் பணியாற்றினார். 1956இல் மயிலை மகளிர் மன்றத்தார் தொடங்கிய பள்ளி, வித்யா மந்திராக இன்றும் நம் அருகே விளங்குகிறது. 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார், 1969 டிசம்பரில் வைகுண்ட ஏகாதசி நாளில் இயற்கை எய்தினார்.

அவரிடம் பயின்றவர்கள் ஆசிரியைகளாகி ஊர்தோறும் சென்றனர். அவர்கள் வகுப்பறைகளில் எழுத்தறிந்த பெண்களின் பேத்தியர் இன்று கவிதை எழுதுகிறார்கள். நம் வட்டத்திலும் அவர்கள் இருக்கக்கூடும். கட்டணம் கட்ட இயலாது கல்லூரி வாயிலில் தயங்கும் மாணவி ஒருத்திக்கேனும் நாம் துணை நின்றால், அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.