எரியாத எழுத்து

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1899ஆம் ஆண்டு எரிக் கேஸ்ட்னர் பிறந்தார். தாய் முடிதிருத்தும் தொழில் செய்து மகனைப் படிக்க வைத்தார். 1917இல் முதல் உலகப்போருக்காகப் படையில் சேர்க்கப்பட்ட கேஸ்ட்னரின் இதயம் கடும் பயிற்சியால் நலிவுற்றது. போரின் மீது கொண்ட வெறுப்போ வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

1929இல் ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்னும் புதினம் வெளிவந்தது. தொடர்வண்டியில் பணத்தைப் பறிகொடுத்த சிறுவன், பெர்லின் நகரச் சிறுவர்களின் துணையோடு திருடனைப் பிடிப்பதே கதை. அரசர்களும் தேவதைகளும் இன்றி, நகரத் தெருக்களையும் எளிய குடும்பத்தையும் இந்நூல் சிறுவர்முன் நிறுத்தியது.

1933 மே 10 அன்று நாஜி ஆதரவு மாணவர்கள் பெர்லினில் நூல்களைத் தீயிலிட்டனர். தம் நூல்கள் எரிவதைக் கேஸ்ட்னர் கூட்டத்தினிடையே நின்று கண்டார். ‘எமில்’ மட்டுமே அன்றைய தடைக்குத் தப்பியது. எழுத்தாளர் பலர் நாடு நீங்கியபோதும் அவர் நீங்கவில்லை; இருமுறை கைதானார்.

போருக்குப்பின், 1949இல், குழந்தைகளுக்காக விலங்குகள் கூடி உலக அமைதி கோரும் ‘விலங்குகளின் மாநாடு’ நூலை எழுதினார். அவ்வாண்டு வெளிவந்த இரட்டைச் சிறுமியர் கதை, 1961இல் ஆலிவுட் படமாகி, அதன்வழி 1965இல் ‘குழந்தையும் தெய்வமும்’ எனத் தமிழ்த்திரைக்கும் வந்தது. 1960இல் ஆன்டர்சன் விருது பெற்ற அவர், 1974இல் மியூனிக்கில் மறைந்தார்.

நூல்களை எரித்தோரின் ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகளில் வீழ்ந்தது. கேஸ்ட்னரின் கதைகளைச் சிறுவர்கள் இன்றும் படிக்கின்றனர்.