புண்ணை ஆற்றி விடுதலை பெற்றவர்

பிரான்ஸ் நாட்டின் லாவல் நகருக்கு அண்மையில், 1510ஆம் ஆண்டளவில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர் அம்புறுவாஸ் பாரே. இலத்தீன் கல்லாதவர். நாவிதரே சத்திரசிகிச்சையும் செய்த அக்காலத்தில் அத்தொழிலைப் பழகி, பாரிஸின் ஒத்தெல் தியூ வைத்தியசாலையிற் பணியாற்றித் தேர்ச்சி பெற்றார்.

துப்பாக்கிக் காயங்களுக்குக் கொதிக்கும் எண்ணெய் வார்ப்பதே அன்றைய வழக்கம். 1537இல் இத்தாலியப் போர்முனையில் எண்ணெய் தீர்ந்துபோகவே, முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், தேப்பந்தைலம் ஆகியவற்றைக் கலந்து இட்டார். மறுநாள் அவ்விதம் மருந்திடப்பட்டோர் நலமாயிருந்தனர்; எண்ணெய் வார்க்கப்பட்டோர் காய்ச்சலால் துடித்தனர். இவ்வனுபவத்தை 1545இல் சாதாரண மக்களின் மொழியான பிரெஞ்சிலேயே நூலாக வெளியிட்டார்.

1553இல் எஸ்டின் கோட்டை வீழ்ந்தபோது பாரே எதிரிகளிடம் கைதியானார். தம்மிடம் பணிபுரியுமாறு சவோய் கோமகன் கேட்டார். பாரே மறுத்தார்; கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாக்குவதாக மிரட்டப்பட்டார். அவ்வேளையில் கிராவ்லின் நகர ஆளுநர் வோதவீல் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றார். பல்லாண்டுகளாக ஆறாத காற்புண் ஆளுநரை வாட்டியது. அதனைக் குணப்படுத்தினால் மீட்புப் பணமின்றி விடுதலை என்பது உடன்பாடு.

புடைத்துச் சுருண்ட நாளமே புண்ணுக்கு ஊற்று எனப் பாரே கண்டார். காலுக்கு ஓய்வு விதித்தார். நாளத்தின்மீது சிறு துணித்திண்டு வைத்துப் பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டினார். புண் ஆறியது, பாரே நாடு திரும்பினார். பின்னர் நான்கு மன்னர்களின் சத்திரசிகிச்சையாளராய் விளங்கி, 1590இல் பாரிஸில் மறைந்தார்.

நாளங்களின் தடுக்கிதழ்கள் பழுதுற்றால் இரத்தம் மேலேறாது காலிலே தேங்கும். அவ்வழுத்தத்தால் தோல் நலிந்து புண்ணாகும். இன்றும் அழுத்தக் கட்டே இதற்கு முதன்மைச் சிகிச்சை. ஆயினும் காலுக்குச் செல்லும் நாடியின் இரத்தோட்டத்தை வைத்தியர் சோதித்த பின்னரே கட்டவேண்டும். அது குன்றியிருப்பின் இறுக்கிய கட்டுத் தீங்காகும்.

உணவகச் சமையலறைகளில் நெடுநேரம் நின்று உழைப்போர் எம்மிடையே பலர். வதிவிட அனுமதி கிட்டாத அச்சத்தாற் காற்புண்ணை மறைத்து வாழ்வோரும் உளர். நாம் வேண்டுவது ஒன்றே: மறைக்காதீர்கள். பல்லாண்டுப் புண்ணும் ஆறும் என்பதற்கு, கைதியாயிருந்த ஒரு வைத்தியரின் கைகளே சான்று.