தம் மக்களிடம் திரும்பிய அணித்தலைவர்

பிள்ளை மருத்துவராக வேண்டுமென்ற கனவோடு நாமக்கல் பள்ளிகளைத் தேடி வரும் பெற்றோரை நாம் அறிவோம். நாகா மலையின் பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஒருவரும் அதே விருப்பத்தைத் தம் மகனிடம் விட்டு இறந்தார். அந்த மகன் தலிமேரன் ஆவோ. கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே, மோகன் பகான் கால்பந்து அணியின் தற்காப்பில் தூணாக நின்றார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவரானார். தேசியக் கொடியையும் ஏந்திச் சென்றார். பலர் வெறுங்காலோடு ஆடிய அவ்வணி, பிரான்சிடம் 2-1 எனத் தோற்றும் பாராட்டுப் பெற்றது.

அவரோ 1950-இல் பட்டம் பெற்று, புகழை விட்டுத் தம் மலைமக்களுக்கே மருத்துவரானார். நாகாலாந்து சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-இல் ஓய்வுபெற்று, 1998-இல் மறைந்தார்.

பின்னால் நின்று பிறரைக் காப்பதே தற்காப்பு வீரரின் பணி. நம் பிள்ளைகளும் மருத்துவராகட்டும். யாருக்காக என்பதையும் சொல்லியே வளர்ப்போம்.