மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆயினும், ஓர் ஆங்கில விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் அந்தச் சின்னஞ்சிறு சொற்களிடமே நம் பேனா தயங்கி நிற்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் நான் எழுந்து நின்று, மைசெல்ஃப் என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். வகுப்பில் எழுந்த சிரிப்பொலி இன்னும் என் காதில் இருக்கிறது. ஐ ஆம் என்று தொடங்க வேண்டும் எனச் சொல்லித்தர முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான்.

அன்று வந்த வெட்கத்தைப் போக்கியது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு. ஆங்கிலேயரும் வியக்கும்படி ஆங்கிலம் பேசி, வெள்ளி நாவினர் என்று உலகம் போற்ற வாழ்ந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரே அவர்.

இளமை

தஞ்சைத் தரணியில், வலங்கைமான் என்னும் சிற்றூரில், 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வைதிகத் தொழில் செய்த ஏழை. வீட்டில் வடமொழி ஒலித்தது. தெருவில் தமிழ் ஒலித்தது. ஆங்கிலம் அங்கே இல்லை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, அவ்வூர் அரசினர் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். ஆம், நண்பர்களே! அவரும் நம்மைப் போல் ஓர் அரசினர் கல்லூரி மாணவரே. கணித மேதை இராமானுஜன் பின்னாளில் படித்ததும் அதே கல்லூரியில்தான்.

ஆசிரியர்

படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பணி. மாயவரம், சேலம், சென்னை என்று பல ஊர்களில் பணியாற்றித் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். சொல்லின் உச்சரிப்பானாலும் வாக்கியத்தின் அமைப்பானாலும் பிழை பொறாதவர் என்று பெயர் பெற்றார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இலக்கணம் பார்த்த கண் ஏழை வீட்டு அரிசி விலையையும் பார்த்தது!

பின்னர், கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்தார். வசதியான வாழ்வை விட்டு எளிய வாழ்வை ஏற்றார். 1915இல் கோகலே மறைந்ததும் அச்சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது.

கடல் கடந்து

1921இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரானதால் மகாகனம் என்னும் பட்டம் அவர் பெயருக்கு முன்னே ஏறியது. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த இந்தியருக்குச் சம உரிமை வேண்டி வாதாடினார். 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார்.

அங்கே நேட்டாலில் அவர் கண்டது யாரை? 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டார். அவர்களுள் தமிழர் ஏராளம். அவர்கள் உயர்கல்வி பெற வழி அரிதாக இருந்தது. சாஸ்திரியார் பொருள் திரட்டினார். 1929இல் டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. கரும்பு வெட்டியவரின் பேரன் அங்கே பாடப்புத்தகம் ஏந்தினான். இந்த இடத்தைப் படித்தபோது என் கண் கலங்கியது. முதல் தலைமுறை என்பது அவனுக்கும் எனக்கும் பொதுவல்லவா?

குறையும் நிறையும்

சாஸ்திரியார் மிதவாதி. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதனால் பலருடைய வெறுப்புக்கு ஆளானார். 1940இல் அவர் தலைமையில் அமைந்த கலைச்சொல் குழு வடமொழிக்கு மிகுதியாக இடம் தருகிறது என்று தமிழறிஞர்கள் எதிர்த்தனர். அறிவியலைத் தமிழில் படிக்க விரும்பும் நமக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் புரிகிறது. பெரியவர்களிடமும் குறையுண்டு, அதை மறைப்பது வரலாறாகாது.

பெயர் வேண்டாத பணி

காந்தியடிகளைவிடப் பத்தே நாள் மூத்தவர் அவர். கருத்து வேறுபட்டும் காந்தியடிகள் அவரை அண்ணனாகவே மதித்தார். குஜராத்தியில் எழுந்த சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். அதன் திருத்திய பதிப்பு 1940இல் வந்தபோது, மொழிநடையைச் சீர்படுத்தியவர் சாஸ்திரியாரே. தம் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை! நான் என்ற சொல்லை எங்கே எழுத வேண்டும் என்று பிறருக்குக் கற்பித்தவர், தம்முடைய நான் என்பதை அந்நூலின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அவர், 1946 ஏப்ரல் 17இல் மறைந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் சென்னை வந்த காந்தியடிகள், நோயுற்றிருந்த அண்ணனை நேரில் சென்று கண்டார்.

நாம் கற்க வேண்டியது

இலக்கணம் பிறரைச் சிரித்து மடக்கும் கருவியன்று. படிப்பவருக்குக் காட்டும் மரியாதை. இதுவே இவ்வாழ்க்கை எனக்குத் தந்த பாடம். அந்த எண்ணத்தோடு பிரதிப்பெயர்களைத் திரும்பப் பார்த்தேன். அச்சம் விலகியது.

தமிழில் நானுக்குக் கொடு என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. எனக்குக் கொடு என்றே சொல்கிறது. வேற்றுமை ஏற்கும்போது நான் என்பது என் என்று திரிவதுபோல, ஆங்கில ஐ என்பது மீ என்று மாறுகிறது. ஆகவே பிட்வீன் என்பதற்குப் பின் யூ அண்ட் மீ என்பதே சரி. இதை நம் தாய்மொழியே நமக்குச் சொல்லித் தந்துவிட்டது!

சில இடங்களில் நம் மொழி ஆங்கிலத்தைவிட நுட்பமானது. தான் தேறவில்லை என்று ரவி குமாரிடம் சொன்னான் என்றால், தேறாதவன் ரவியே. ஆங்கிலத்தில் வெறும் ஹி என்று எழுதினால், தேறாதவன் ரவியா குமாரா என்று படிப்பவர் திகைப்பார். அங்கே பெயரையே மீண்டும் எழுதுவது நலம். நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வீ ஒன்றே. நம் அவர் என்னும் சொல் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஹி, ஷி என்று பிரித்தாக வேண்டும். அப்பாவை ஹி என்று எழுதக் கை கூசும். ஆனால் அம்மொழியில் அது மரியாதைக் குறைவன்று.

முதல் தலைமுறைத் தோழர்களே! பிழைக்கு அஞ்சி வாய்மூடி இராதீர்கள். திருத்துபவரிடம் கோபமும் கொள்ளாதீர்கள். நாளை நாம் ஒருவரைத் திருத்தும் நிலைக்கு உயர்ந்தால், வலங்கைமான் பெரியவரைப் போல் ஓசையின்றித் திருத்துவோம். இவ்வாண்டு முதலாமாண்டில் ஒரு தம்பி எழுந்து மைசெல்ஃப் என்று தொடங்கினான். நான் சிரிக்கவில்லை. மணி அடித்த பின், தனியே அழைத்துச் சொன்னேன்.