தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

புதிய சமயம் ஒன்று ஒரு நாட்டில் வேரூன்ற வேண்டுமாயின், அஃது அந்நாட்டு மக்களின் பாட்டிலே கலத்தல் வேண்டும். அமெரிக்காவின் மலைநாட்டு மக்கள், தம் முன்னோர் ஸ்காத்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து கொணர்ந்த நாட்டுப்பாடல்களோடும், ஆப்பிரிக்க மக்கள் வழிவந்த பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியோடும் தேவாலயப் பாட்டை இணைத்தனர். கென்டக்கியிற் பிறந்த பில் மன்றோ (1911–1996) என்பார் அவ்வழியிலே புளூகிராஸ் என்னும் இசையை வளர்த்தார். அவருக்கு நூறாண்டுகட்கும் முன்னரே தமிழில் இத்தகைய தொண்டு புரிந்தவர் வேதநாயக சாஸ்திரியார் ஆவார். இவர் வேறு, ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு.

சாஸ்திரியார் 1774 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7 ஆம் நாள் திருநெல்வேலியில் தோன்றினார். தந்தையார் தேவசகாயம் சைவத்தினின்று கிறிஸ்தவத்திற் சேர்ந்தவர். 1785 இல் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் இச்சிறுவனின் அறிவுத்திறம் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னர்த் தஞ்சை அரசராகிய சரபோஜியும் அப்பெரியாரிடமே கல்வி பயின்றவர். தரங்கம்பாடியிலும் கற்றுத் தேர்ந்த சாஸ்திரியார், 1794 இல் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அக்காலத்துத் தேவாலயங்களில் ஜெர்மானிய மெட்டில் அமைந்த மொழிபெயர்ப்புப் பாடல்களே பெரிதும் ஒலித்தன. சாஸ்திரியாரோ கும்மி, சிந்து, அம்மானை, தாலாட்டு என மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களையும் கர்நாடக இசைக் கீர்த்தனத்தையும் எடுத்தாண்டார். 1800 இல் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ இவர்தம் பெருநூல். குற்றாலத்துக் குறத்தியைப் பாடிய நெல்லைச் சீமையில் பிறந்தவர்க்கு அவ்வடிவம் புதிதன்று. ஆயினும் இந்நூலில் தலைவி திருச்சபையாகிறாள். குறி சொல்லும் குறத்தி விசுவாசமாகிறாள். பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்னும் வானநூற் கொள்கையும் உலக நாடுகளின் செய்தியும் இதனுள் அடங்கியுள்ளன. பாட்டின் வழியே பாமரர்க்கும் பாடம் புகட்டிய திறம் இது!

இவர் வாழ்வில் இடையூறுகளும் இருந்தன. பின்னாளில் வந்த பாதிரிமார், தேவாலயத்திற் சாதிவேற்றுமை கூடாதென்றனர். சாஸ்திரியார் சாதியாசாரத்தை ஆதரித்து நூல் எழுதினார். வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பையும் எதிர்த்தார். 1829 இல் வேலையினின்றும் நீக்கப்பட்டார். ஆண்டவன் முன் அனைவரும் ஒன்றே என்று பாடிய நெறியில் நின்றவர், அவன் ஆலயத்திலே தனியிருக்கை நாடியதை நாம் ஒப்புதற்கில்லை. இசைக்கு வணக்கம் செலுத்துவோர் இக்குறையை மறைத்தல் முறையன்று.

அவ்வேளையில் அவரைத் தாங்கியவர் பள்ளித்தோழராகிய சரபோஜி மன்னரே. பிற சமயத்து அரசர், கிறிஸ்தவக் கவிஞரைத் தம் அவைப் புலவராக ஏற்றார். விநாயகர் துதி பாடுமாறு மன்னர் வேண்டியபோது சாஸ்திரியார் பணிவுடன் மறுத்து, இயேசுபிரானையே பாடினார் என்பர். கொள்கையும் கெடவில்லை, நட்பும் குலையவில்லை. 1832 இல் மன்னர் மறையும் வரை அவ்வாதரவு நிலைத்தது.

முதுமையிலே இவர் இசைக்கு ஏற்றம் வந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார், இவர் கீர்த்தனைகளைத் திரட்டி 1853 இல் வெளியிட்ட தொகுப்பு நூலிற் சேர்த்தார். தேவாலயம் தோறும் தமிழ்க் கீர்த்தனை முழங்கத் தொடங்கியது. 1864 ஜனவரி 24 ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைத் தந்து சாஸ்திரியார் மறைந்தார். இவர் மரபினர் தலைமுறை தலைமுறையாக அவ்விசைப்பணியைத் தொடர்ந்து வந்துள்ளனர்.

பிழைப்பை நாடிக் கோபர்கைரனேக்கு வந்து குடியேறிய நாம், நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பல பொருள்களை விட்டு வந்தோம். பாட்டு மட்டும் சுமையின்றி உடன் வந்தது. கீர்த்தனையாயினும், காவடிச்சிந்தாயினும், பாட்டியின் தாலாட்டாயினும், நம் இல்லத்துச் சிறார் அதனைத் தமிழிலே கேட்டு வளர்வாராக! பாடுவாரின்றி எந்தப் பாட்டும் வாழ்வதில்லை.